அண்ணா சாலைப் பல்லரங்குகள்: வளர்ச்சியும் தளர்ச்சியும்

தோற்றுவாய்

மக்கள் கூடி வாழும் நகரங்களுக்குச் சந்தையும் பள்ளியும் வழக்குமன்றமும் எத்துணை இன்றியமையாதனவோ, கூத்தாடுகளமும் அத்துணை இன்றியமையாததாய்த் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலைப்பொழுதில் தன் கவலையை மறந்து சிறிது நேரம் அமர்ந்திருக்க விரும்புகின்றான். தனியே இருந்து பெறும் இன்பத்தினும் பலரோடு கூடியிருந்து பெறும் இன்பம் அவனுக்கு மிகுதியாகத் தோன்றுகின்றது. நம் நகரங்களில் இவ்வேட்கையை நூறாண்டுக்கு மேலாக நிறைவேற்றி வந்தவை திரையரங்குகளே. அவற்றுள்ளும் ஒரே மனையில் மூன்று, நான்கு திரைகளைக் கொண்டு விளங்கிய பெருமனைகள் சென்னை அண்ணா சாலையில் ஒருகாலத்து ஓங்கி நின்றன. மல்டிபிளெக்ஸ் என்று உலகம் வழங்கும் இவ்வகை மனையை இக்கட்டுரையில் நாம் பல்லரங்கு என்று குறிப்போம்.

அப்பல்லரங்குகள் எவ்வாறு தோன்றின, எக்காரணம் பற்றித் தளர்ந்தன, அவை நின்ற இடத்தில் இனி எழத்தக்கது யாது என்னும் மூன்றையும் ஆராய்வதே நம் நோக்கம். திரைப்படம் காண்டல் நன்றோ தீதோ என்னும் வழக்கினை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வழக்கு மாணவர் சொற்போர்களில் பன்முறை நடந்து முடிந்தது. இனியும் முடியாமல் நடக்கும்.

அரங்கும் திரையும்

அரங்கு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. மாதவி ஆடிய அரங்கின் அமைப்பைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அளவுபடக் கூறுகின்றது. 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாய், அரங்கின் தளத்துக்கும் அதன்மேல் இட்ட பலகைக்கும் இடையே 4 கோல் வெளி விட்டு, இரண்டு வாயில்களோடு அவ்வரங்கு அமைக்கப்பட்டது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்கவிடப்பட்டன. காண்போர் கண்ணுக்கு மறைப்பு இல்லாதவாறு ஒளியையும் இடத்தையும் அமைத்தல் ஒரு கலை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

அந்நாளில் திரை மறைத்தற்குப் பயன்பட்டது. இந்நாளில் திரையே காட்டுகின்றது. பொருள் இவ்வாறு தலைகீழாய் மாறியும் சொல் மாறாது நிற்றல் கருதத்தக்கது. ஆனால் அரங்கு என்பதன் உயிர் திரையிலும் தளத்திலும் மட்டும் இல்லை. கூடியிருக்கும் அவையில் உள்ளது. திருவள்ளுவர் நிலையாமையை உரைக்கும் அதிகாரத்தில், பெருஞ்செல்வம் வருதற்குக் கூத்துக்களத்தில் கூட்டம் கூடுவதையும், அது போதற்குக் கூத்து முடிந்தபின் அக்கூட்டம் கலைவதையும் உவமையாக்கினார். அவ்வுவமையைப் பின்னர் ஓரிடத்தில் நாம் மீண்டும் நினைக்க நேரும்.

கொட்டகை முதல் பல்லரங்கு வரை

தமிழ் நாட்டில் திரைப்படம் முதலில் குடிபுகுந்த இடம் கட்டடம் அன்று, கூடாரமே. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் பொறியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அடித்துக் காட்டி வந்தார். 1914இல் அவர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை நிறுவினார். அதன் பெயர் அந்நகரத்துத் தெருவொன்றுக்கும் ஆயிற்று. இன்றும் ஊர்ப்புறத்து முதியோர் திரையரங்கைக் கொட்டகை என்றே சொல்வது அக்கூடாரக் காலத்தின் எச்சமாகும்.

சென்னையில், அந்நாளில் மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையில், 1913இல் வார்விக் மேஜர் என்பார் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். 1914இல் ரகுபதி வெங்கையா எழுப்பிய கெயிட்டி, இந்நகரில் இந்தியர் ஒருவர் உடைமையாய்த் தோன்றிய முதல் திரையரங்கு என்று போற்றப்படுகின்றது. பின்னர் வெலிங்டன், நியூ எல்பின்ஸ்டன், காசினோ முதலியன ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1961இல் காமராசரால் திறந்துவைக்கப்பட்ட சாந்தியும் 1962இல் எழுந்த ஆனந்தும் அச்சாலைக்குப் புதுப்பொலிவு அளித்தன. இவையெல்லாம் முதலில் ஒரு மனைக்கு ஒரு திரை என்னும் முறையில் அமைந்தவையே.

ஒரு மனையில் பல திரைகள் என்னும் கருத்து வேற்று நாட்டிலும் அந்நாளிற்றான் உருப்பெற்று வந்தது. அமெரிக்க நாட்டுக் கான்சாஸ் நகரில் ஸ்டான்லி டர்வுட் என்பார் 1963இல் ஒரு கடைத்தொகுதியில் பார்க்வே என்னும் இரட்டையரங்கைத் திறந்தார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1964இல், சென்னை ஜெமினி சந்திப்புக்கு அருகில் சபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என மூன்று அரங்குகளை ஒருங்கே கொண்ட மனை எழுந்தது. மூன்றும் மணிகளின் பெயர்கள்: நீலம், மரகதம், நீலவைரம். டில்லி நகரில் 1997இல் தோன்றிய அனுபம் மனையை இந்தியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் என்று பலர் எழுதுவர். பல திரைகள் ஒரே மனையில் இருத்தலே இலக்கணம் எனின், அச்சிறப்பு 33 ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக்கு உரியதாயிற்று.

புளூ டயமண்டில் தொடர்காட்சி என்னும் முறை நடைபெற்றது. சீட்டு வாங்கியவர் எப்பொழுதும் உள்ளே நுழையலாம், எப்பொழுதும் வெளியேறலாம். படத்தின் நடுவில் நுழைந்து முடிவைக் கண்டு, மறுபடியும் தொடங்கும்போது முதலைக் காண்பாரும் உளர். சென்னை வெயிலுக்கு அஞ்சிக் குளிர்ந்த இருளில் உறங்குதற்பொருட்டே சென்றவர் பலர் என்று முதியோர் நகையோடு கூறுவர்.

1970இல் தேவி எழுந்தது. தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என்னும் நான்கு அரங்குகள் ஒரே மனையில் அமைந்தன. பாரடைஸுக்குச் செல்வோர் படியேறாது சுற்றிச் சுற்றி எழும் சாய்வுப் பாதையில் நடந்து செல்லுமாறு அமைத்தது பலரால் வியக்கப்பட்டது. 1974இல் அண்ணா சாலைக்கு அணித்தே இராயப்பேட்டையில் சத்யம் மனை தோன்றியது. இவ்வாறு பத்தாண்டுக் காலத்துள் சென்னையின் நடுவிடம் பல்லரங்குகளின் உறைவிடமாயிற்று.

பல்லரங்கின் உட்கணக்கு

பல திரைகளை ஒரு கூரைக்கீழ் வைத்தல் ஆடம்பரம் பற்றி எழுந்ததன்று. அதில் ஒரு நுண்ணிய கணக்கு உண்டு. 1,000 இருக்கை கொண்ட தனியரங்கு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புதுப்படம் வந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் 1,000 பேர் வருவர்; ஹவுஸ்ஃபுல் பலகை வாயிலில் தொங்கும். நான்காம் வாரத்தில் 250 பேரே வருவர் எனின், நான்கில் மூன்று பங்கு இருக்கை வெறுமையாகும். ஆயினும் குளிரூட்டும் பொறி 1,000 பேருக்கு ஓடிய அளவே ஓடவேண்டும்; ஆபரேட்டரும் டிக்கெட் கிழிப்போரும் துப்புரவு செய்வோரும் குறையார். அவ்விடத்தையே 500, 300, 200 இருக்கைகள் கொண்ட மூன்று அரங்குகளாகப் பகுத்துவிட்டால், கூட்டம் குறைந்த படத்தை 300 இருக்கை அரங்குக்கு மாற்றலாம். அங்கு 250 பேர் என்பது ஆறில் ஐந்து பங்கு நிறைவாகும். பெரிய அரங்கு அடுத்த புதுப்படத்துக்கு ஒழிந்து நிற்கும்.

காட்சிகளின் நேரத்தைச் சிறிது முன்பின்னாக வைப்பதால் டிக்கெட் வாங்குமிடமும் கேண்டீனும் வண்டி நிறுத்துமிடமும் ஒரே வேளையில் நெருக்குண்ணாமல் நாள் முழுதும் பயன்படும். ஒரு படம் விழுந்தாலும் மற்றொரு படம் மனையைத் தாங்கும். கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் வருவாய் குன்றியபோது மற்றவர் வருவாயால் அடுப்பெரிவது போன்றது இம்முறை.

ஆயினும் அந்நாளில் இக்கணக்குக்கு ஓர் எல்லை இருந்தது. படச்சுருள் கொண்டு காட்டிய காலத்தில் 35 மில்லிமீட்டர்ப் படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடியது. நிமிடத்துக்கு 90 அடி செல்லும். 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு பொறிகளை அருகருகே நிறுத்தி, ஒன்று முடியுந் தறுவாயில் மற்றொன்றை ஓட்டவேண்டும். கார்பன் கோல்கள் எரிந்து தேயுந்தோறும் அவற்றின் இடைவெளியைத் திருத்தவேண்டும். ஒவ்வொரு திரைக்கும் இவ்வாறு தேர்ந்த கை ஒன்று தேவையாயிற்று. காண்போர் ஒருவரும் அவர் முகத்தை அறியார். ஒளி மங்கியபோது மாத்திரம் பின்னே திரும்பிக் கூச்சலிடுவர்.

தளர்ச்சிக்குரிய காரணங்கள்

இத்துணைச் சிறப்பாய் வாழ்ந்த மனைகள் தளர்ந்ததற்குக் காரணம் ஒன்றன்று.

முதலாவது, வீட்டினுள்ளே திரை புகுந்தது. 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலைத் திரைப்படம் என்பன வந்தபின் அவ்வேளைகளில் தெருக்கள் வெறிச்சோடின. 1980களில் வீடியோ நாடாக்களும், 1990களில் கேபிள் வழித் தனியார் தொலைக்காட்சிகளும் பரவின. அண்மைக் காலத்தில் கைப்பேசியே அரங்காயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றால் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் திரையரங்குகள் நவம்பர் 10ஆம் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வெட்டுத் திங்களில் வீட்டிலிருந்தே புதுப்படம் காணும் பழக்கம் பலருக்கு உறைத்துவிட்டது.

இரண்டாவது, படம் ஓடும் முறை மாறியது. முன்னாளில் ஒரு படத்தின் பிரதிகள் சிலவே. நகரில் சில அரங்குகளிலேயே அது வெளிவரும். ஆதலால் 100 நாள் ஓடுதலும், 25 வாரம் ஓடி வெள்ளிவிழாக் கொண்டாடுதலும் இயல்பாயின. மின்னணு முறையில் படம் அனுப்பும் வசதி வந்தபின், ஒரே நாளில் எண்ணற்ற திரைகளில் ஒரு படத்தை வெளியிடுதல் எளிதாயிற்று. பல வாரம் பரவி வரவேண்டிய கூட்டம் முதல் மூன்று நாளில் எங்கும் சிதறி வந்து தீர்ந்துவிடுகின்றது. அண்ணா சாலைக்கு வந்தாற்றான் படம் காணலாம் என்னும் நிலை ஒழிந்தது. அவரவர் குடியிருப்புக்கு அருகிலேயே திரை வந்துவிட்டது.

மூன்றாவது, வரவும் செலவும் ஒவ்வாமற் போயின. டிக்கெட்டின் மேல்விலையை அரசு வரையறுத்திருந்தது. நெடுங்காலம் சென்னைப் பல்லரங்குகளில் அது 120 ரூபாயைக் கடக்கவில்லை. ஏழையர்க்கு இவ்வரையறை நன்மை செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பழைய மனையின் கூரையையும் குளிர்பொறியையும் இருக்கைகளையும் புதுப்பிக்கும் செலவு ஆண்டுதோறும் ஏறியது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்ததோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேரும் என்றபோது, தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாள் கதவடைத்து நின்றதை நாம் அறிவோம்.

நான்காவது காரணமே தலையாயது என்பது நம் கருத்து. அஃதாவது நிலத்தின் விலை. நகர நடுவண் உள்ள ஒரு பல்லரங்கு விரிந்த நிலத்தை அடைத்துக்கொண்டு, சில தளங்களே உயர்ந்து, நாளில் சில மணி நேரமே நிறைந்து இருக்கும். அந்நிலத்திலேயே பத்துத் தளமும் அதற்கு மேலும் எழுப்பி அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டால் வரும் பொருளோடு எந்தப் படத்தின் வசூலும் ஒப்பாகாது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் அடியில் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அது பழைய அரங்கின் வாயிலுக்கே மக்களைக் கொணர்ந்து இறக்கவல்லது. அதே இரயில் அவ்வாயிலின் கீழுள்ள நிலத்தையும் விலை ஏற்றவல்லது.

இக்கருத்துக்குச் சாந்தி அரங்கே சான்று. 2005இல் வெளிவந்த சந்திரமுகி என்னும் படம் அங்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. கூட்டமின்மையே அரங்கைக் கொல்லும் எனின், சாந்தி நெடிது வாழ்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் 2016இல் அது மூடப்பட்டது. அங்கு வணிக மாளிகை எழுந்தது. கூட்டம் கலைவதைச் செல்வம் நீங்குவதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். இங்கோ செல்வம் வந்து சேர்ந்ததே கூட்டத்தைக் கலைத்தது. உவமையும் பொருளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் காலம் இது.

இடிந்த இடத்தில் எழுந்தவை

பழைய அரங்கு ஒன்று நீங்கியபின் அவ்விடத்துக்கு நேர்வனவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முற்றும் அழிதல் முதல்வகை. சபையர் மனை 1990களில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. மதுரையில் 1952இல் பராசக்தி படத்தோடு திறக்கப்பட்டு, 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது எனப் பெயர் பெற்ற தங்கம் தியேட்டரின் இடத்தில் துணிக்கடை எழுந்தது. சென்னை அசோக் நகரில் 1983இல் தோன்றிய உதயம் மனை 2024இல் கதவை மூடியது. மேனாட்டிலும் இதுவே கதை. பிரிட்டனின் முதல் பல்லரங்காய் 1985இல் மில்டன் கீன்ஸ் நகர நடுவில் 10 திரைகளோடு எழுந்த 'த பாயிண்ட்', சிவந்த விளக்குகள் ஒளிர்ந்த தன் கூம்பு வடிவத்தால் அவ்வூருக்கே அடையாளமாயிருந்தும், 30 ஆண்டுகளில், 2015இல், மூடப்பட்டது. அந்நிலத்தில் குடியிருப்பு மாளிகை எழுப்பத் திட்டம் வகுத்தனர்.

இடித்துக் கட்டிய வணிக வளாகத்தினுள் திரை மீண்டும் வருதல் இரண்டாம் வகை. டில்லியில் 1970இல் எழுந்த சாணக்கியா அரங்கு 2008இல் இடிக்கப்பட்டு, 2017இல் அப்பெயரோடு விலையுயர்ந்த கடைகளின் வளாகமாய்த் திறக்கப்பட்டபோது அதனுள் திரைகளும் இடம்பெற்றன. பெயரும் மீண்டது, படமும் மீண்டது. ஆனால் முன்பு கல்லூரி மாணவர் சிறு காசோடு வந்து நின்ற இடம் அதுவன்று.

பழைய மனையையே புதுக்கி நடத்துதல் மூன்றாம் வகை. சத்யம் மனை நின்ற இடத்திலேயே நின்று, திரைகள் பெருகி, ஒலியும் இருக்கையும் திருந்தி, நகரத்தாரின் விருப்பத்துக்கு உரியதாயிற்று. அதனை நடத்திய நிறுவனம் 2018இல் பி.வி.ஆர். நிறுவனத்தோடு சேர்ந்தது. மும்பையில் 1938இல் எழுந்த மெட்ரோ அரங்கு தன் வெளித்தோற்றத்தைப் பேணிக்கொண்டே 2006இல் பல்லரங்காயிற்று. தேவி மனையும் 2020இல் 50 ஆண்டை நிறைவு செய்தது.

மனை நின்று தொழில் மாறுதல் நான்காம் வகை. முற்கூறிய எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டு ஆண்டே நடந்தது. பின்னர் அஞ்சல் துறையினர் அதனை வாங்கினர். அஞ்சல்தலை சேகரிப்போர்க்கான நிலையம் அதில் அமைந்தது. பெரும்பொருள் செலவிட்டு எழுந்த மாளிகைகள் மறைய, இச்சிறு கட்டடம் நூறாண்டைக் கடந்து நின்றது விந்தையே. அதன் கீழுள்ள நிலத்தை விற்கும் தேவை உடையார்க்கு இல்லாதிருந்ததே அதற்குக் காரணமாகும்.

வேண்டுவது யாது?

பழைய பல்லரங்கை ஒருகாலும் இடிக்கலாகாது என்று வாதித்தல் நம் எண்ணம் அன்று. முதுமையுற்ற கட்டடம் காண்போர் உயிருக்கே இடராகலாம். தீயணைப்பு வழியும், மாற்றுத்திறனாளிகள் ஏறும் வழியும் பல பழைய மனைகளில் குறைவே. நட்டத்தில் நடத்துக என்று உடையாரை வற்புறுத்தவும் நமக்கு உரிமை இல்லை. ஆயினும் புதிய மனையில் திரை உண்டா என்று கேட்டு, உண்டு என்ற விடை கிடைத்தவுடன் நகரத்தார் மகிழ்ந்து அமைவது போதாது. நாம் கேட்கவேண்டியது வாயிலைப் பற்றிய வினா.

பழைய பல்லரங்கின் வாயில் தெருவை நோக்கித் திறந்திருந்தது. நடைபாதையில் செல்வோன் சுவரொட்டியைக் கண்டு, சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, அப்பொழுதே வரிசையில் நிற்கலாம். பால்கனியில் மருத்துவரும் வழக்கறிஞரும், முன்வரிசையில் சுமை தூக்குவோரும் அமர்ந்தனர். விலை வேறு, இருக்கை வேறு. ஆனால் சிரித்த இடத்தில் ஒருங்கே சிரித்தனர், விளக்கு எரிந்தபின் ஒரே வாயிலால் வெளியேறினர். சென்னைப் பல்லரங்குகளில் பத்தில் ஒரு பங்கு இருக்கையை 10 ரூபாய்க்கு வைத்தல் வேண்டும் என்னும் விதி நெடுங்காலம் இருந்தது. காலையிலேயே வந்து அந்தப் பத்து ரூபாய் டிக்கெட்டுக்குக் காத்து நின்று, கழுத்து நோவ அண்ணாந்து படம் பார்த்த மாணவர் தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுட் சிலர் இன்று பெரும்பதவியில் உளர்.

வணிக வளாகத்தின் மேல்தளத்தில் உள்ள திரைக்கோ, காவலர் சோதனையைக் கடந்து, கடைகள் பலவற்றின் நடுவே ஏறிச் செல்லவேண்டும். ஒருவரும் தடுப்பதில்லை, ஆயினும் அழுக்கேறிய வேட்டியோடு அங்கே நுழைவார் அரியர். சட்டத்தால் மூடாத வாயிலைக் கூச்சம் மூடிவிடுகின்றது. உள்ளே விற்கும் சோளப்பொரியின் விலையோ டிக்கெட்டின் விலையைக் கடந்து நிற்றலும் உண்டு.

ஆகவே, நகர நடுவண் உள்ள பல்லரங்கை மாற்றிக் கட்ட நேரும்போது நான்கு நெறிகளை நாம் பரிந்துரைக்கின்றோம். முதலாவது, புதிய மனையில் அரங்கு ஒன்றேனும் தரைத்தளத்தில், தெருவை நோக்கிய தனி வாயிலோடு அமைதல் வேண்டும். இரண்டாவது, குறைந்த விலை இருக்கைகள் பெயரளவில் அன்றி, வாயிலில் வந்து கேட்போர்க்கு அங்கேயே கிடைக்குமாறு வைத்தல் வேண்டும்; கைப்பேசி வழியே முன்பதிவு செய்வோர்க்கே அவை போய்விடலாகாது. மூன்றாவது, கூட்டம் குறைந்த காலை வேளைகளில் அரங்குகளைப் பள்ளி கல்லூரிகளின் நாடகத்துக்கும் சொற்பொழிவுக்கும் சிறு வாடகைக்கு அளித்தல் வேண்டும். வெறுமையாய்க் கிடக்கும் அரங்கு உடையார்க்கும் பயனில்லை, ஊரார்க்கும் பயனில்லை. நான்காவது, இடிக்குமுன் அம்மனையின் வரைபடங்களையும் படப்பொறிகளையும் டிக்கெட்டுகளையும் ஒரு நூலகத்திலோ காட்சிச்சாலையிலோ சேர்த்தல் வேண்டும்.

இந்நெறிகளைப் பின்பற்றும் உடையார்க்கு நகராட்சி ஒரு கைம்மாறு செய்தல் முறையே. கூடுதல் தளம் எழுப்ப இசைவளித்தலோ வரியில் சிறிது குறைத்தலோ ஆகலாம். பொதுமக்களுக்கு நன்மை தருவதன் சுமையை உடையார் ஒருவர்மேல் முழுதும் ஏற்றுதல் நீதியன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பல்லரங்கு என்பது கூட்டத்தின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் நல்ல உட்கணக்கோடு தோன்றியது என்பதும், வீட்டுத்திரையும் படவெளியீட்டு முறையும் வரியும் அதனைத் தளர்த்தின என்பதும், நிலத்தின் விலையே அதனை வீழ்த்தியது என்பதும், திரை மீள்வதினும் வாயில் மீள்வதே நகரத்துக்கு வேண்டுவது என்பதும் ஒருவாறு விளங்கும்.

தோழர்காள், கட்டடங்களைக் காக்கும் ஆற்றல் மாணவராகிய நமக்கு இல்லை. ஆயினும் நம்மால் ஆவது ஒன்று உண்டு. கார்பன் விளக்கின் முன் நின்று பொறி ஓட்டியவர்களும், படப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்கு விரைந்தவர்களும், நாற்பது ஆண்டு டிக்கெட் கிழித்தவர்களும் நம் தெருக்களில் இன்னும் வாழ்கின்றனர். ஆட்சியாளர் வரலாற்றை எழுதுவார் பலர் உளர். இவர்கள் வரலாற்றை எழுதுவார் அரியர். தத்தம் ஊரில் மூடிய அரங்கு ஒன்றையேனும் தேர்ந்து, அங்கு உழைத்தவர் வாய்மொழியைத் தமிழில் எழுதி நம் கல்லூரி நூலகத்தில் வைப்போமாயின், பிற்காலத்தில் இந்நகரங்களை ஆராய்வார்க்கு அது பெருந்துணையாகும். அரங்கின் அளவையும் வாயிலையும் விளக்கையும் இளங்கோவடிகள் எழுதி வைத்தமையாலன்றோ மாதவியின் அரங்கை இன்று நாம் அறிகின்றோம்!